இரு நாடுகளின் அரசியலமைப்புகளை ஒப்பிட்டு வாசிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

1936 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் ஏற்றுக்கொண்ட அரசியலமைப்பின் 125ஆம் பிரிவு, பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம், கூட்டம் கூடும் உரிமை, ஊர்வலம் செல்லும் உரிமை ஆகிய நான்கையும் குடிமக்களுக்கு உறுதியளித்தது. அதற்கு அடுத்த இரண்டே ஆண்டுகளில் அந்நாட்டில் பல லட்சம் பேர் அரசியல் குற்றச்சாட்டுகளின் பேரில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மாறாக, 1787இல் பிலடெல்பியாவில் எழுதி முடிக்கப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் மூலப் பிரதியில் குடிமக்களின் பேச்சுரிமை பற்றி ஒரு வரிகூட இல்லை. 1791இல் முதல் திருத்தமாகத்தான் அது வந்து சேர்ந்தது. இந்த இரண்டு ஆவணங்களின் உரிமைப் பட்டியலை மட்டும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஒருவர், எந்த நாட்டுக் குடிமகன் அச்சமின்றிப் பேசியிருப்பான் என்று கேட்டால் தலைகீழான விடையைத்தான் சொல்வார்.

அரசியலமைப்புகளை ஒப்பிடத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் முகவுரையையும் உரிமைகளையும் முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். அழகான சொற்கள் அங்கேதான் இருக்கின்றன. ஆனால், ஒரு நாட்டின் அரசியலமைப்பு இன்னொன்றிலிருந்து உண்மையில் வேறுபடுவது, யார் யாரைத் தடுக்க முடியும் என்பதைச் சொல்லும் பிரிவுகளில்தான். ஆகவே இந்த வழிகாட்டி வாசிப்பு வரிசையை மாற்றி அமைக்கிறது: முதலில் பூட்டுகள், பிறகு வாக்குறுதிகள். சட்டம் படித்தவர்களுக்கு மட்டுமானது அல்ல இது; ஒரு பென்சிலும், இரண்டு பத்திகள் போட்ட ஒரு நோட்டும், சில மாலைப் பொழுதுகளும் போதும்.

படி 1: சரியான பிரதியைக் கையில் எடுங்கள்

உலகிலுள்ள எல்லா அரசியலமைப்புகளையும் ஒப்பிட முனையாதீர்கள். இரண்டு நாடுகளையும் ஒரு கேள்வியையும் தேர்ந்தெடுங்கள். "எந்த அரசியலமைப்பு சிறந்தது?" என்பது கேள்வியே அல்ல. "ஆட்சித் தலைவரைப் பதவியிலிருந்து இறக்க என்ன வழி?", "ஒரு மாநிலத்தின் எல்லையை யார் மாற்றலாம்?" என்பவை போன்ற, ஒரு பிரிவைச் சுட்டிக்காட்டி விடை சொல்லக்கூடிய கேள்விகளே பயன் தரும்.

பிரதி எந்தத் தேதி வரையிலான திருத்தங்களைக் கொண்டது என்பதை அடுத்துப் பாருங்கள். இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பை 2014இல் அச்சான பிரதியில் வாசிப்பவரும் 2016இல் அச்சான பிரதியில் வாசிப்பவரும் நடுவே 2015இல் ஒரு திருத்தம் வந்ததால், ஜனாதிபதியின் அதிகாரம் பற்றி முரண்பட்ட குறிப்புகளையே எழுதுவார்கள்; இருவரும் அவரவர் பிரதிக்கு உண்மையாகத்தான் எழுதியிருப்பார்கள்.

மொழியும் கவனத்துக்கு உரியது. நாம் 'பிரிவு' என்பதை இந்திய அரசு மொழிபெயர்ப்பு 'உறுப்பு' என்கிறது, இலங்கை 'உறுப்புரை' என்கிறது. இது எளிதில் கடந்துவிடக்கூடிய வேறுபாடு. கடக்க முடியாதவையும் உண்டு. இலங்கை ஒரு 'ஒற்றையாட்சி' அரசு என்று தமிழில் வாசிக்கும் இடத்தில் சிங்களத்தில் 'ஏக்கிய' என்ற சொல் இருக்கிறது. 2017 செப்டம்பரில் புதிய அரசியலமைப்புக்கான வழிகாட்டல் குழு வெளியிட்ட இடைக்கால அறிக்கை, சிங்களச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு தமிழ்ச் சொல்லை மட்டும் 'ஒருமித்த நாடு' என்று மாற்ற முன்வந்தது. ஒரே பிரிவு இரண்டு மொழிகளில் இரண்டு வகையான நாடுகளைக் குறிக்கலாமா என்ற வாக்குவாதம் அங்கே மாதக்கணக்கில் நடந்தது. எனவே, மொழிப் பிரதிகள் முரண்பட்டால் எது செல்லுபடியாகும் என்று அந்த அரசியலமைப்பே சொல்கிறதா என்று தேடுங்கள். தென்னாப்பிரிக்காவின் 240ஆம் பிரிவு, ஆங்கிலப் பிரதியே மேலோங்கும் என்று வெளிப்படையாகக் கூறுகிறது.

சில நாடுகளுக்கு அப்படியொரு தனி நூலே கிடையாது. பிரிட்டனின் அரசியலமைப்பு 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம், 1911, 1949ஆம் ஆண்டுகளின் நாடாளுமன்றச் சட்டங்கள், 1998ஆம் ஆண்டின் மனித உரிமைச் சட்டம் எனப் பல சட்டங்களிலும், எழுதப்படாத மரபுகளிலும் பரவிக் கிடக்கிறது. நியூசிலாந்தும் இஸ்ரேலும் அவ்வாறே. இந்த நாடுகளை எடுத்துக்கொண்டால், எந்தெந்தச் சட்டங்களை அரசியலமைப்பாகக் கருதுகிறீர்கள் என்ற பட்டியலை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: எந்தக் காயத்துக்குப் பிறகு எழுதப்பட்டது?

நோட்டின் முதல் வரியில் ஆண்டையும், அந்த ஆண்டுக்கு முந்தைய இருபது ஆண்டுகளில் அந்நாட்டில் நடந்தவற்றையும் எழுதுங்கள். ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம் 1949 மே 23 அன்று வெளியிடப்பட்டது. அதன் முதல் பிரிவு மனித மாண்பு மீறப்படக் கூடாதது என்று தொடங்குவதற்கு 1933 முதல் 1945 வரையிலான ஆட்சியே காரணம். 1947 மே 3 அன்று நடைமுறைக்கு வந்த ஜப்பானிய அரசியலமைப்பின் 9ஆம் பிரிவு போரைத் துறக்கிறது. தோல்வியுற்று, அந்நியப் படைகளின் கட்டுப்பாட்டில் இருந்த நாடு அது. 1787இல் அமெரிக்கர்கள் அஞ்சியது ஒரு புதிய மன்னரை. பிரிவினைக் கலவரங்களும் அகதிகளின் பெருக்கமும் நூற்றுக்கணக்கான சமஸ்தானங்களும் கண்முன் இருந்தபோது எழுதிய இந்திய அரசியல் நிர்ணய சபை அஞ்சியது, நாடு துண்டாகிப் போவதை.

நீள வேறுபாட்டுக்கும் விளக்கம் பெரும்பாலும் இங்கேயே கிடைக்கும். அமெரிக்க மூலப் பிரதியில் 7 பிரிவுகள்; 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்ட இந்திய அரசியலமைப்பில் 395 பிரிவுகளும் 8 அட்டவணைகளும். இந்தியர்கள் வளவளவென்று எழுதிவிட்டார்கள் என்று இதைப் பார்ப்பது அநியாயம். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசியலமைப்பு ஏற்கெனவே இருந்தது; இந்தியாவில் மாநில நிர்வாகம், தேர்தல் ஆணையம், தணிக்கை அதிகாரி, பணியாளர் தேர்வாணையம் எல்லாவற்றையும் ஒரே ஆவணம் சுமக்க வேண்டியிருந்தது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தின் நிர்வாக விவரங்களும் அதற்குள் வந்து சேர்ந்தன. பக்க எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து தீர்ப்பு எழுதாதீர்கள்.

படி 3: திருத்தும் பிரிவை முதலில் வாசியுங்கள்

ஒரே ஒரு பிரிவை மட்டும் வாசிக்க நேரம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், திருத்தும் பிரிவைத்தான் காட்டுவேன். அந்த நாட்டில் இறுதி அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை மறைக்க முடியாத இடம் அது.

பிரிட்டனில் நாடாளுமன்றத்தின் சாதாரணப் பெரும்பான்மையே போதும். நாடாளுமன்றத்தின் பதவிக்காலத்தை ஐந்தாண்டு என்று நிலைநிறுத்த 2011இல் ஒரு சட்டம் வந்தது. 2022இல் அது நீக்கப்பட்டது. பெரிய விழா ஏதும் இல்லை. அமெரிக்காவில் வழக்கமான பாதைப்படி இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு முன்மொழிந்து, நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள், அதாவது 50இல் 38, ஏற்க வேண்டும். இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக 27 திருத்தங்களே நிறைவேறியுள்ளன. அவற்றுள் கடைசியானது 1789இல் முன்மொழியப்பட்டு 1992இல் ஏற்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் நாடு முழுவதற்குமான பெரும்பான்மையோடு ஆறு மாநிலங்களில் நான்கிலாவது பெரும்பான்மை கிடைக்க வேண்டும். 2023 அக்டோபரில் தோற்ற வாக்கெடுப்பையும் சேர்த்து மக்கள் முன் வைக்கப்பட்ட 45 முன்மொழிவுகளில் 8 மட்டுமே வென்றன. ஜப்பானில் இரு அவைகளின் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினரும் பிறகு பொது வாக்கெடுப்பும் தேவை. இன்றுவரை ஒரு திருத்தம்கூட நடக்கவில்லை.

எண்களை மட்டும் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். மூன்றில் இரண்டு பங்கு என்ற ஒரே நிபந்தனை வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு பலன் தருகிறது. இலங்கையில் 2010இல் வந்த 18ஆம் திருத்தம், ஒருவர் இருமுறைக்கு மேல் ஜனாதிபதியாகக் கூடாது என்ற வரம்பை நீக்கியது. 2015இல் 19ஆம் திருத்தம் அதை மீண்டும் கொண்டுவந்து ஜனாதிபதியின் அதிகாரத்தையும் குறைத்தது. 2020இல் 20ஆம் திருத்தம் அதிகாரத்தைக் கூட்டியது. 2022இல் 21ஆம் திருத்தம் மறுபடி குறைத்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கு முறை ஊசல் ஆடியது. மூன்றில் இரண்டு பங்கு அங்கே பூட்டாக இல்லை. ஆட்சிக்கு வருபவர் கைக்கு எட்டும் தாழ்ப்பாளாக இருந்தது. ஜெர்மனியிலும் அதே அளவுதான், ஆனால் மாநில அரசுகளின் பிரதிநிதிகள் அமரும் மேலவையிலும் அது கிடைக்க வேண்டும். மாநிலங்களை வெவ்வேறு கட்சிகள் ஆளும்போது எதிர்க்கட்சியின் இசைவில்லாமல் திருத்தம் நடக்காது. இவ்வளவுக்கும் பிறகும் அங்கே அறுபதுக்கு மேற்பட்ட திருத்தங்கள் நடந்திருப்பது, அவர்கள் பேசி உடன்பாட்டுக்கு வரப் பழகியிருப்பதையே காட்டுகிறது.

பிறகு, எதைத் திருத்தவே முடியாது என்று பாருங்கள். ஜெர்மனியின் 79ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, மனித மாண்பையும் கூட்டாட்சியையும் மக்களாட்சியையும் எந்தப் பெரும்பான்மையாலும் தொட முடியாது என்கிறது. பிரான்சின் 89ஆம் பிரிவு குடியரசு வடிவத்தை அப்படிக் காக்கிறது. இந்திய அரசியலமைப்பில் அத்தகைய வரி எதுவும் இல்லை. ஆயினும் 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் 13 நீதிபதிகள் அமர்ந்த அமர்வு 7க்கு 6 என்ற கணக்கில், அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது. ஒரு நீதிபதி மாறி நின்றிருந்தால் இந்தியாவின் அரசியலமைப்பு வேறொன்றாகியிருக்கும். ஜெர்மனியில் எழுத்தில் இருப்பது இந்தியாவில் தீர்ப்பில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையே ஓர் இழையும் உண்டு: டீட்ரிச் கான்ராட் என்ற ஜெர்மானியச் சட்ட அறிஞர் 1965இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் திருத்தும் அதிகாரத்தின் உள்ளார்ந்த எல்லைகள் பற்றி ஆற்றிய உரை, இந்திய வழக்கறிஞர்களின் வாதங்களுக்குள் வந்து சேர்ந்தது. நாடுகளின் அரசியலமைப்புகள் இப்படித்தான் ஒன்றிடமிருந்து ஒன்று கற்கின்றன; ஒப்பிடும்போது இத்தகைய தடங்களையும் தேடுங்கள்.

படி 4: யார் யாரைப் பதவியிலிருந்து இறக்கலாம்?

நாடாளுமன்ற முறை, அதிபர் முறை என்று பெயர் சூட்டிவிட்டு நகர்வது போதாது. இரண்டுமே நாடாளுமன்ற முறைதான் என்று நாம் எண்ணும் நாடுகளுக்கு நடுவே ஒரு வாக்கியத்தின் அளவில் பெரிய பிளவு இருக்கலாம். இந்தியாவையும் ஜெர்மனியையும் எடுத்துக்கொள்வோம்.

1999 ஏப்ரல் 17 அன்று மக்களவையில் வாஜ்பாய் அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் 269க்கு 270 என்று ஒரே வாக்கில் தோற்றது. அந்த 270 பேரும் அரசை வீழ்த்துவதில் ஒன்றுபட்டார்கள். அடுத்து யார் ஆள்வது என்பதில் ஒன்றுபடவில்லை. மாற்று அரசு அமைக்கும் முயற்சி கைகூடாமல் அவை கலைக்கப்பட்டது. அக்டோபரில் புதிய அரசு பதவியேற்கும் வரை ஏறத்தாழ ஆறு மாதம் நாட்டைக் காபந்து அரசே நடத்தியது. கார்கில் போர் நடந்ததும் அந்தக் காலத்தில்தான்.

ஜெர்மனியின் 67ஆம் பிரிவின் கீழ் இது நடந்திருக்க முடியாது. அங்கே பிரதமருக்கு நிகரான சான்சலரை நாடாளுமன்றம் வெளியேற்ற வேண்டுமானால், அவருக்குப் பதிலாக இன்னொருவரைப் பெரும்பான்மை உறுப்பினர்களின் வாக்கால் அதே தீர்மானத்தில் தேர்ந்தெடுத்தாக வேண்டும். எதிர்ப்பது மட்டும் போதாது. ஆளவும் தயாராக இருக்க வேண்டும். 1972 ஏப்ரலில் அன்றைய சான்சலர் வில்லி பிராண்ட்டுக்கு எதிராக ரைனர் பார்செல் போட்டியிட்டபோது 249 வாக்குகள் தேவைப்பட்டன, 247 கிடைத்தன; பிராண்ட் தொடர்ந்தார். 1982 அக்டோபர் 1 அன்று ஹெல்முட் கோல் 256 வாக்குகள் பெற்றார். அதுவரை சான்சலராக இருந்த ஹெல்முட் ஷ்மிட் விலக்கப்பட்ட கணத்திலேயே கோல் சான்சலரானார். கூட்டாட்சி ஜெர்மனியின் வரலாற்றில் இந்த வழி வென்றது அந்த ஒருமுறைதான். வைமார் குடியரசில், அதாவது ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மன் குடியரசில், ஒருவரை ஒருவர் வெறுத்த இரு துருவக் கட்சிகள் அரசுகளைக் கவிழ்க்க மட்டும் கைகோத்ததைக் கண்டவர்கள் எழுதிய பிரிவு இது. ஸ்பெயின் இதே ஏற்பாட்டை 1978இல் தன் அரசியலமைப்பில் எடுத்துக்கொண்டது. 2018 ஜூனில் பிரதமர் பதவியில் ரஹோய் போய் சாஞ்செஸ் வந்தது அவ்வழியில்தான்.

பிரான்சின் 49ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவையும் இங்கே சேர்த்து வாசியுங்கள். அரசு ஒரு மசோதாவை வாக்கெடுப்பின்றியே நிறைவேறியதாக அறிவிக்கலாம். அதைத் தடுக்க விரும்பும் உறுப்பினர்கள் அரசையே வீழ்த்த வேண்டும். 2023 மார்ச்சில் ஓய்வூதியச் சட்டம் இவ்வாறு வந்தபோது, நம்பிக்கையில்லாத் தீர்மானம் 9 வாக்குகள் குறைந்து தோற்றது.

அமெரிக்காவில் அதிபரின் கொள்கை பிடிக்கவில்லை என்பதற்காக நாடாளுமன்றம் அவரை இறக்க முடியாது. குற்ற விசாரணை ஒன்றே வழி. கீழவை குற்றம் சாட்ட, மேலவையில் மூன்றில் இரண்டு பங்கு தண்டிக்க வேண்டும். 1868இல் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரே வாக்கு வித்தியாசத்தில் தப்பினார். இந்த வழியில் பதவி இழந்த அமெரிக்க அதிபர் இதுவரை எவருமில்லை.

படி 5: மையத்துக்கும் மாநிலங்களுக்கும் இடையே

கூட்டாட்சியா ஒற்றையாட்சியா என்ற பெயரை விட்டுவிட்டு மூன்று கேள்விகள் கேளுங்கள். பட்டியலில் இல்லாத அதிகாரம் யாருக்கு? அமெரிக்காவில் மாநிலங்களுக்கும் மக்களுக்கும். இந்தியாவிலும் கனடாவிலும் மையத்துக்கு. மேலவையில் மாநிலங்களுக்கு என்ன இடம்? அமெரிக்காவில் எல்லா மாநிலத்துக்கும் சமமாக இரண்டு உறுப்பினர்; ஜெர்மனியில் மக்கள்தொகையைப் பொறுத்து மூன்று முதல் ஆறு வாக்குகள், அதுவும் மாநில அரசுகளே நேரடியாகச் செலுத்துபவை.

மூன்றாவது கேள்வியே கூர்மையானது: ஒரு மாநிலத்தை அதன் சம்மதமின்றிப் பிரிக்க முடியுமா? அமெரிக்க அரசியலமைப்பின் 4ஆம் பிரிவு, சம்பந்தப்பட்ட மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் முடியாது என்கிறது. இந்தியாவின் 3ஆம் பிரிவுக்குச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், ஏற்க வேண்டியதில்லை. 2014 ஜனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்தது. அவ்வாண்டு ஜூன் 2 அன்று தெலங்கானா பிறந்தது. ஜெர்மனியில் பெர்லினையும் பிராண்டன்பர்க்கையும் இணைக்க இரு அரசுகளும் விரும்பியும், 1996 வாக்கெடுப்பில் பிராண்டன்பர்க் மக்கள் மறுத்ததால் இணைப்பு நின்றுபோனது. தெலங்கானா மக்களின் நெடுங்காலக் கோரிக்கையை அமெரிக்க விதி தடுத்திருக்கும் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பாருங்கள். எந்த விதி நல்லது என்பது, நீங்கள் பெரிய மாநிலத்துக்குள் சிறுபான்மையாக இருக்கிறீர்களா, நாட்டுக்குள் சிறிய மாநிலமாக இருக்கிறீர்களா என்பதைப் பொறுத்து மாறும்.

படி 6: இப்போது உரிமைகளை வாசியுங்கள், அடுத்த வரியோடு சேர்த்து

உரிமையைத் தரும் வரியைவிட அதைக் கட்டுப்படுத்தும் வரியே ஒப்பீட்டுக்கு முக்கியம். பேச்சுரிமையையே எடுத்துக்கொண்டு வரிவரியாகப் பார்ப்போம்.

அமெரிக்காவின் முதல் திருத்தம், பேச்சுரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டத்தையும் நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்கிறது. விதிவிலக்கே எழுதப்படவில்லை. ஆகவே எல்லைகளை நீதிமன்றம் வரைய நேர்ந்தது. 1969இல் வந்த தீர்ப்பின்படி, உடனடியாகச் சட்டமீறலைத் தூண்டும் நோக்கமும் வாய்ப்பும் உள்ள பேச்சு மட்டுமே தூண்டுதல் என்ற பெயரில் தண்டிக்கத்தக்கது.

இந்தியாவில் 19ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு உரிமையைத் தருகிறது; இரண்டாம் உட்பிரிவு எந்தக் காரணங்களுக்காக அதைக் கட்டுப்படுத்தலாம் என்று எண்ணிச் சொல்கிறது. அந்த எண்ணிக்கை 1950இல் இன்றைக்கு இருப்பதைவிடச் சிறியது. ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழ் தன் எல்லைக்குள் நுழையக் கூடாது என்று அன்றைய மதராஸ் அரசு, பொது ஒழுங்குச் சட்டத்தின் கீழ்த் தடை விதித்தது. 'பொது ஒழுங்கு' என்ற காரணமே இரண்டாம் உட்பிரிவில் இல்லையே என்று சுட்டிக்காட்டி 1950 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. 1951 ஜூனில், குடியரசு பிறந்து ஒன்றரை ஆண்டுகூட நிறையாத நிலையில், முதல் திருத்தம் வந்தது. பொது ஒழுங்கு, வெளிநாடுகளுடனான நட்புறவு, குற்றத்துக்குத் தூண்டுதல் ஆகியவை பட்டியலில் ஏறின. அதே திருத்தத்தில் 'நியாயமான' என்ற ஒரு சொல்லும் கட்டுப்பாடுகளுக்கு முன்னால் சேர்ந்தது. காரணங்கள் பெருகின; ஆனால் கட்டுப்பாடு நியாயமானதா என்று கேட்கும் உரிமை நீதிமன்றத்துக்குக் கிடைத்தது.

இந்த ஒரு சொல்லின் எடையை அறிய இலங்கையின் 15ஆம் உறுப்புரையைப் பக்கத்தில் வையுங்கள். இன, மத நல்லிணக்கம், நாடாளுமன்றச் சிறப்புரிமை, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் ஆகியவற்றுக்காகச் சட்டத்தால் விதிக்கப்படும் கட்டுப்பாடுகளுக்குப் பேச்சுரிமை உட்பட்டது என்று அந்த உறுப்புரை சொல்கிறது. 'நியாயமான' என்ற சொல் அங்கே இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரியான பட்டியல்கள். விடுபட்ட சொல்லைக் கண்டுபிடிப்பதே இந்தப் படியில் உங்கள் வேலை.

வீடு, உணவு, மருத்துவம் போன்ற சமூக உரிமைகளுக்கு வரும்போது, அவற்றுக்காக வழக்குத் தொடுக்க முடியுமா என்ற கேள்வியைக் கேளுங்கள். அயர்லாந்தின் 1937ஆம் ஆண்டு அரசியலமைப்பிலிருந்து இந்தியா எடுத்துக்கொண்ட வழிகாட்டு நெறிகளை நீதிமன்றம் மூலம் செயல்படுத்த இயலாது என்று 37ஆம் பிரிவே சொல்கிறது. பின்னாளில் நீதிமன்றங்கள் அவற்றில் சிலவற்றை உயிர்வாழும் உரிமைக்குள் கொண்டுவந்தன. தென்னாப்பிரிக்காவோ வீட்டுரிமையை 26ஆம் பிரிவில் நேரடியாக உரிமையாகவே எழுதியது, கிடைக்கும் வளத்துக்குள் நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற வரம்போடு. 2000ஆம் ஆண்டில், குடிசைகள் இடிக்கப்பட்டு விளையாட்டு மைதானத்தில் தங்கியிருந்த ஐரீன் குரூட்பூமும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில், அரசின் வீட்டுத் திட்டம் கதியற்று நிற்பவர்களுக்கு உடனடி ஏற்பாடு எதையும் செய்யவில்லை, ஆதலால் அது அரசியலமைப்புக்குப் பொருந்தாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு ஒவ்வொருவருக்கும் வீடு தரச் சொல்லவில்லை. அரசு தன் திட்டத்தை நியாயப்படுத்தியாக வேண்டும் என்றது. எழுதப்பட்ட உரிமை எவ்வளவு தூரம் போகும், எங்கே நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

படி 7: சட்டம் செல்லாது என்று சொல்பவர் யார், எப்போது?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த அதிகாரத்தை 1803இல் மார்பரி வழக்கில் தானே அறிவித்துக்கொண்டது. அரசியலமைப்பில் அது வெளிப்படையாக எழுதப்படவில்லை. 1920இல் ஆஸ்திரியா, சட்ட அறிஞர் ஹான்ஸ் கெல்சனின் சிந்தனையைப் பின்பற்றி, இதற்கென்றே தனி நீதிமன்றம் அமைத்தது. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரிலுள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த வழியில் வந்தது. நெதர்லாந்தின் 120ஆம் பிரிவு, நாடாளுமன்றச் சட்டம் அரசியலமைப்புக்கு உகந்ததா என்று நீதிமன்றங்கள் ஆராயக் கூடாது என்கிறது. உரிமைகள் அங்கே நன்றாகவே காக்கப்படுகின்றன. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையை வைத்து நீதிமன்றங்கள் சட்டங்களைச் சோதிக்கின்றன.

காலக்கெடு என்ற நுட்பத்தைப் பலரும் தவறவிடுகிறார்கள். இலங்கையில் ஒரு மசோதா நாடாளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் (அலுவல் பட்டியலில்) இடம்பெற்ற சில நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்தை (இந்திய வழக்கில் உச்ச நீதிமன்றம்) நாட வேண்டும். சட்டமான பிறகு அதன் செல்லுபடியைக் கேள்வி கேட்க முடியாது. பிரான்சில் இதே நிலை இருந்தது. 2008இல் செய்த திருத்தத்தின் பயனாக 2010 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தையும் வழக்காடுபவர் எதிர்க்கலாம். உரிமை காகிதத்தில் ஒன்றுதான். சில நாளுக்குள் விழித்துக்கொள்ள வேண்டிய குடிமகனும் எப்போது வேண்டுமானாலும் நீதிமன்றம் போகக்கூடிய குடிமகனும் ஒன்றல்ல.

நீதிபதிகளை யார் நியமிக்கிறார், எத்தனை காலத்துக்கு என்பதையும் குறியுங்கள். அமெரிக்காவில் நன்னடத்தை உள்ளவரை, அதாவது நடைமுறையில் ஆயுள் முழுவதும். ஜெர்மனியில் 12 ஆண்டுகள், மறுநியமனம் இல்லை.

படி 8: நெருக்கடிக் காலப் பிரிவுகள்

வைமார் அரசியலமைப்பின் 48ஆம் பிரிவு, அதிபர் அடிப்படை உரிமைகளை நிறுத்திவைக்க அனுமதித்தது. 1933 பிப்ரவரி 28 அன்று, ஹிட்லர் ஆட்சியில், அந்த உரிமைகளை நிறுத்திய ஆணை அந்தப் பிரிவின் கீழ்தான் பிறந்தது. சர்வாதிகாரத்துக்குச் சட்டத்தின் கதவு வழியாகவே பாதை கிடைத்தது. எனவே இந்தப் பகுதியை மெதுவாக வாசியுங்கள். அறிவிப்பவர் யார்? ஒப்புதல் எத்தனை நாளுக்குள்? எந்த உரிமைகள் அப்போதும் நிற்கும்?

இந்தியாவில் 1975 ஜூன் 25 அன்று 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற காரணத்தால் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அமைச்சரவை கூடியது மறுநாள் காலையில்தான். காவலில் வைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாட முடியாது என்று 1976இல் உச்ச நீதிமன்றம் 4க்கு 1 என்று தீர்ப்பளித்தது. மறுத்து நின்றவர் நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவரே. 1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தத்தை இந்த நிகழ்ச்சிகளோடு பொருத்தி வாசித்தால் ஒவ்வொரு சொல்லும் விளங்கும். 'உள்நாட்டுக் குழப்பம்' போய் 'ஆயுதக் கிளர்ச்சி' வந்தது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தாலொழியக் குடியரசுத் தலைவர் அறிவிக்கக் கூடாது என்றானது. 20, 21ஆம் பிரிவுகளின் உரிமைகளை நெருக்கடியிலும் நிறுத்த முடியாது என்றானது. தென்னாப்பிரிக்காவின் 37ஆம் பிரிவு முதல் அறிவிப்புக்கு 21 நாள் வரம்பு வைத்து, அதற்குமேல் நாடாளுமன்றம் நீட்டித்தால் ஒவ்வொரு முறையும் மூன்று மாதத்துக்கு மிகாமல் என்றும், முதல் நீட்டிப்புக்குப் பிந்தையவற்றுக்கு 60 விழுக்காடு ஆதரவு தேவை என்றும் சொல்கிறது. எந்த உரிமைகளை நிறுத்தவே கூடாது என்பதற்கு ஓர் அட்டவணையும் உண்டு.

படி 9: எழுத்தில் இல்லாதவை

பிரிட்டனில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு மன்னர் ஒப்புதல் மறுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் 1708க்குப் பிறகு எவரும் மறுத்ததில்லை. அமெரிக்காவில் இருமுறைக்கு மேல் அதிபராகக் கூடாது என்பது ஜார்ஜ் வாஷிங்டன் ஏற்படுத்திய வழக்கமாக மட்டுமே இருந்தது. 1940இல் ரூஸ்வெல்ட் மூன்றாம் முறை வென்றதால் அது உடைந்தது, 1951இல் 22ஆம் திருத்தமாக எழுத்தில் ஏறியது. இந்தியாவில் உயர் நீதிபதிகளைத் தேர்வு செய்யும் 'கொலீஜியம்' என்ற சொல்லை அரசியலமைப்பு முழுவதும் தேடினாலும் காண மாட்டீர்கள்; அது தீர்ப்புகளில் பிறந்தது. அதை மாற்ற வந்த 99ஆம் திருத்தமும் 2015 அக்டோபரில் செல்லாது என்று ஆகிவிட்டது. ஆகவே ஒவ்வொரு படியிலும் எழுதிய குறிப்புக்குக் கீழே, நடைமுறை அதிலிருந்து விலகுகிறதா என்று ஒரு வரி விடுங்கள்.

படி 10: குறிப்பை எழுதும் முறை

இரண்டு பத்திகளின் இடப்புறம் ஒரு நாடு, வலப்புறம் மற்றொன்று. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கேள்வி. ஒவ்வொரு விடைக்கும் பிரிவு எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். பிரிவு எண் தர முடியாத விடை, தீர்ப்பிலோ மரபிலோ இருந்து வந்திருக்க வேண்டும்; அப்படியானால் அதன் ஆண்டை எழுதுங்கள். இரண்டும் இல்லாத விடையை அடித்துவிடுங்கள், அது நாம் எங்கோ கேட்டு நம்பியதாக இருக்கும். ஒரு நாட்டில் விடை இருந்து மற்றதில் அந்த இடம் காலியாக இருந்தால் அதை நிரப்ப முயலாதீர்கள். 'இல்லை' என்று தெளிவாக எழுதி, ஏன் இல்லை என்பதற்கு இரண்டாம் படியில் எழுதிய வரலாற்றுக் குறிப்புக்குத் திரும்புங்கள். ஜெர்மனிக்கு நேரே 67ஆம் பிரிவையும் இந்தியாவுக்கு நேரே 'இல்லை' என்பதையும் எழுதும்போது, வைமாரின் கவிழ்ந்த அரசுகள் இடப்புறத்துக்கு மட்டும் உரிய அனுபவம் என்பது தெரியும். கடைசியாக, பக்கத்தின் மேல் மூலையில் நீங்கள் பயன்படுத்திய பிரதிகளின் தேதியை எழுதிவையுங்கள். அடுத்த திருத்தம் வரும் நாளில் எந்த வரிசையைத் திருத்துவது என்று அப்போதுதான் தெரியும்.